தெய்வானையின் கையில் இருந்த ரப்பர் குழாய்

சென்னியப்பனின் விமானத்துக்குப் பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அவன் மனைவி தெய்வானையின் கவலைதான். ரோட்டரி இன்ஜினுக்கு டர்போ மாட்டிய நாளிலிருந்து அப்படித்தான். டர்போ காற்றை எவ்வளவு அழுத்தித் தள்ளுகிறதோ, அதற்கு ஈடாகப் பெட்ரோலையும் அழுத்தித் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே சுழலும் ரோட்டரின் முனையிலுள்ள சீல் தெறித்துவிடும், அப்புறம் ஆள் மிஞ்ச மாட்டான். அதனால் பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் கிளம்பி, ஓடுதளத்து ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தெய்வானையின் கைக்குள் வந்து முடியும். அவன் மேலே ஏற ஏற, இவளுக்குக் கவலை கூடும். பெட்ரோல் சீராகப் போகும்.

அன்றைக்குப் பாருங்கள், பாவி மனுஷிக்குக் கவலையே வரவில்லை.

வாக்கிடாக்கி கரகரத்தது. "ஏம்புள்ள, பெட்ரோல் பத்தல. கொஞ்சம் கவலப்படு."

"படறனுங்க மாமா."

அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்ததை நினைத்துப் பார்த்தாள். அது வண்டியைத் தரையில் உருட்டத்தான் காணும். மகளின் பரீட்சையை நினைத்தாள். அது தென்னை மர உயரத்துக்கு மேல் தாங்காது.

"வரமாட்டேங்குதுங்க. நீங்கதான் பதனமா ஓட்டுவீங்களே!"

மெக்கானிக் ரங்கநாதன் தலையில் அடித்துக்கொண்டான். "ஒண்ணும் ஆகாதுங்கக்கா, தைரியமா இருங்கன்னு நேத்து நாந்தான் சொல்லித் தொலைச்சேன்."

மேலே இன்ஜின் இருமியது.

"தெய்வான, எனக்குப் பயமா இருக்குது" என்றான் சென்னியப்பன்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் வராத வார்த்தை. அதுவரை வராத கவலை அவளுக்கு மொத்தமாக வந்து சேர்ந்தது. கைக்குள் குழாய் விம்மியது. இன்ஜின் இருமலை விட்டு முழங்க ஆரம்பித்தது.

"போதும் புள்ள, போதும்!"

வந்த கவலை சொன்னால் கேட்குமா? அது இறங்கவில்லை, அதனால் விமானமும் இறங்கவில்லை. சென்னியப்பன் மட்டும் இறங்கி, ஓடுதளத்தைக் கடந்து நடந்து வந்தான்.

"நல்லாத்தான இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கறேன். நீ சாப்பிட்டயா?"

"இத விட்டுட்டு எப்படிங்க சாப்பிடறது?"

"இங்க குடு."

அவன் குழாயை வாங்கிப் பிடித்தான். விமானம் விருட்டென்று எகிறி, மேகத்தையும் தாண்டி, சத்தம்கூடக் கேட்காத உயரத்துக்குப் போய்விட்டது.

தெய்வானை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தூக்குப்போசியைத் திறந்து, தக்காளிச் சோற்றில் முதல் வாயை அவனுக்கு ஊட்டினாள். ரங்கநாதன் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டான்.