தோவா பெரியம்மாவின் மரம்

இடுப்புப் பையில் கைப்பேசி அலறியபோது லுவா ஏணி மேல் நின்று, ஆளுயரத்தை மிஞ்சிய குட்டிப்பழ ஆரஞ்சு மரம் ஒன்றின் பழங்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். திரையில் பெயரைப் பார்த்ததும் துணி நழுவிக் கீழே விழுந்தது.

“லுவாவா? தோவா பெரியம்மா பேசறேன். நாளைக்குக் காலையிலேயே என் மரத்தைக் கொண்டுவந்துடும்மா. பேத்தி சைகோன்லேர்ந்து சீக்கிரமே கிளம்பி வர்றாளாம். கூடத்துல மரம் இல்லாம புத்தாண்டு வீடுன்னு எப்படிச் சொல்றது?”

“சரி பெரியம்மா.”

போனை வைத்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. அந்த மரம் செத்துப் பல மாதமாகிறது.

குளிர்காலக் கடைசியில் வரும் வியட்நாமியப் புத்தாண்டு முடிந்ததும் ஹனோய்க்காரர்கள் தங்கள் மரங்களைச் சட்டியோடு ஆற்றங்கரைத் தோட்டங்களில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். வருடம் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, கிளை கழித்து, அடுத்த புத்தாண்டுக்குக் காயும் பழமுமாகத் திருப்பிக் கொடுப்பது தோட்டக்காரர் பொறுப்பு. இந்த வருடம் புயலோடு, ஊரை ஒட்டி ஓடும் செவ்வாறு கரையேறி வந்து, தோட்டத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் வடிந்தபோது மரங்கள் நின்ற இடத்திலேயேதான் நின்றன. ஆனால் வேர் அழுகி, ஒவ்வொன்றாக இலையைக் கொட்டின. லுவா வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னாள். திட்டு வாங்கினாள், சமாதானம் பேசினாள், மாற்று மரம் கொடுத்தாள்.

தோவா பெரியம்மாவுக்கு மட்டும் அவள் சொல்லவில்லை. “அதை நான் நேர்ல போய்ப் பக்குவமா சொல்லிக்கிறேன்” என்று அவள் கணவன் கியென் பொறுப்பேற்றிருந்தான். பெரியம்மாவின் வீட்டுக்காரர் சாவதற்கு முந்தைய புத்தாண்டுக்கு இதே தோட்டத்தில் அலைந்து தேடி எடுத்த மரம் அது.

ஏணியிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி ஓடினாள். கியென் கொட்டகையில் உட்கார்ந்து சாவகாசமாக ஒட்டரிசிச் சோறு தின்றுகொண்டிருந்தான்.

“ஏங்க, தோவா பெரியம்மாகிட்ட சொன்னீங்களா இல்லையா?”

“சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“இருந்தீங்களா? நாளைக்கு மரம் வேணும்னு போன் பண்றாங்க!”

“ஏன் கத்தறே? அதே மாதிரி ஒண்ணு பாத்து வெச்சுடலாம். மரத்துக்கு என்ன மூஞ்சியா இருக்கு, அடையாளம் தெரியறதுக்கு?”

“இருக்கு. அடியில இடப்பக்கமா சாஞ்சு, குந்தி உட்கார்ந்த ஆள் மாதிரி வளைஞ்சு மேல போகும். நான் தினம் பார்த்த மரம்.”

“நீ பார்த்தே. அவங்க வருஷத்துல பத்துப் பதினஞ்சு நாள் பார்ப்பாங்க. அதுவும் கண்ணாடியை எங்கேயாவது வெச்சுட்டுத் தேடிக்கிட்டே பார்ப்பாங்க.” இன்னொரு கவளம் உருட்டினான்.

அவனுடைய இந்த நிதானம்தான் அவளுக்கு எரிச்சலை மூட்டியது. லுவா தோட்டத்துக்குப் புதிது. போன வசந்தம் வரை காலணி ஆலையில் தைத்துக்கொண்டிருந்தவள். ஆலையில் தையல் பிசகினால் பிரித்துத் தைக்கலாம். இங்கே ஒருவர் ஒரு உயிரைக் கையில் கொடுத்துவிட்டு, ரசீது கூடக் கேட்காமல் போகிறார். புத்தாண்டு வாசலில் நிற்கும்போது போய், ‘உங்க வீட்டுக்காரர் எடுத்த மரம் செத்துப்போச்சு’ என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் வேறொரு மரத்தை வைத்துவிட்டு வந்தால், அந்தக் கூடத்தில் அதைப் பார்த்துப் பெரியம்மா பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் யார் பதில் சொல்வது?

இரண்டும் முடியாது போலிருந்தது. ஆனால் சும்மா நிற்க மட்டும் அவளால் முடியவில்லை. பைக்கை எடுத்தாள்.

பக்கத்துத் தோட்டத்து லாம் அண்ணன் அவளைப் பார்த்ததும் சிரித்தார்.

“என்னம்மா, போட்டிக் கடையில உளவு பார்க்க வந்தியா?”

“மரம் வாங்க வந்தேன் அண்ணே.”

“மரம் விக்கிறவ மரம் வாங்கறாளா! கியென் என்ன, உன் தோட்டத்தையே தின்னுட்டானா?”

அவள் மர வரிசைக்குள் புகுந்தாள். கோபுரம் மாதிரி வெட்டியவை, ஜாடியில் வளைத்து வளர்த்தவை, பந்தாக உருட்டியவை. முதலில் அடித்தண்டைப் பார்த்தாள். பிறகுதான் மேலே போனாள். பழம், பச்சைக் காய், பூ, தளிர் என்று நாலு தலைமுறையும் ஒரே மரத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெரியம்மா வீட்டுக் கூடத்துக்கு ஆகாது.

ஒரு மரம் ஏறக்குறைய அச்சாக அப்படியே இருந்தது. ஓடிப்போய் ஒரு பழத்தை லேசாக இழுத்தாள். பழம் கையோடு வந்துவிட்டது. அதன் காம்பில் பல்குத்தும் குச்சி.

“அண்ணே, இது காய்ச்சதா, குத்தி வெச்சதா?”

“அது… வெள்ளத்துல கொஞ்சம் கொட்டிடுச்சும்மா. வெளியூருக்கு அனுப்பற சரக்கு. நீ ஏன் அதுகிட்ட போனே?”

“உங்க தோட்டத்துல பல்குச்சியிலகூடப் பழம் முளைக்கும் போல.”

“பல்லு குத்த உதவும்னு நினைச்சுக்கோயேன்!” என்று சொல்லி அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த தோட்டத்தில் ஒன்றின் தண்டைப் பிடித்து ஆட்டியபோது மண்கட்டி முழுவதும் சேர்ந்து ஆடியது. நேற்றுத்தான் தரையிலிருந்து பிடுங்கிச் சட்டியில் நட்டிருக்கிறார்கள். பத்து நாள் தாங்கினால் பெரிது. இன்னொன்றில் எல்லாம் இருந்தும் பூ இல்லை. வேறொன்று அழகோ அழகு, ஆனால் நட்டுவைத்த கம்பம் போல நேராக நின்றது. ஆற்றங்கரைச் சேற்றில் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினாள். செருப்பு ஒரு முறை அறுந்தது. வெயிலும் சாய்ந்தது.

கடைசியில் கரையோரத்தில் ஒரு மூலை. சாய்வு சரி, வளைவு சரி, பூ, தளிர் எல்லாம் இருந்தன. ஆனால் சாய்வு வலப்பக்கம்.

“சட்டியைத் திருப்பி வெச்சா இடப்பக்கம் ஆயிடப்போவுது” என்றாள் தோட்டக்காரி.

லுவா திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் முன்னுக்கு வந்தது. அங்கே பழம் கொஞ்சம் குறைவு. ஆனாலும் தூரத்திலிருந்து பார்க்க… அவள் தள்ளிப்போய் நின்று பார்த்தாள், கிட்டே வந்து பார்த்தாள், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தன் தோட்டத்து மரங்கள் இரண்டைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டாள்.

பெரியம்மாவின் பழைய நீலச் சட்டி வெள்ளத்தில் பிழைத்திருந்தது. மண்கட்டி உடையாமல் அதில் மாற்றி, பாசியைப் பரப்பி முடித்ததும் கியென் எட்டிப் பார்த்தான்.

“பரவாயில்லையே! நாளைக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்துடறேன்.”

“வேண்டாம். நானே போறேன்.”

“உனக்கெதுக்கு இந்தப் பாரம்? அந்தச் சந்துல பைக் ஓட்டறது கஷ்டம்.”

“ஆலைக்கு இதைவிடக் குறுகின சந்துல போயிருக்கேன்.”

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. “சரி, போ. வெச்சுட்டு உடனே திரும்பிடு. டீ குடின்னா உட்கார்ந்துடாதே. அந்தம்மா பேச ஆரம்பிச்சா நிறுத்தாது.”

மறுநாள் காலை மரத்தைப் பின் இருக்கையில் நிற்கவைத்துக் கட்டி ஓட்டினாள். முன்னும் பின்னும் எல்லா பைக்கிலும் இதே மாதிரி ஒரு மரமோ, பூத்த பீச் மரக்கிளையோ. நெரிசலில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கிளை அவள் முதுகில் குத்தியது. இரண்டு பழங்கள் உதிர்ந்து சாலையில் உருண்டன. ‘உங்க மரம்தான் பெரியம்மா’ என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். ஹெல்மெட்டுக்குள் அந்தக் குரல் யாரோ அந்நியருடையது போல ஒலித்தது.

தோவா பெரியம்மா கூடத்தில் குந்தி வெங்காய ஊறுகாய்க்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். “வந்துட்டியா! வை, வை, அங்கே, சாமி மேடைக்குப் பக்கத்துல. அவருக்கும் தெரியட்டும்.”

மேடையில் பெரியம்மாவின் வீட்டுக்காரர் படம். லுவா படத்தைப் பார்க்காமல் சட்டியை இறக்கி, பழம் குறைந்த பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பினாள். உடனே சாய்வு வலப்பக்கம் போய்விட்டது. மறுபடி திருப்பினாள். மறுபடியும்.

“என்னம்மா, ஆட்டுக்கல்லுல மாவா அரைக்கறே? நிறுத்து, தலை சுத்துது.”

பெரியம்மா எழுந்து வந்து தண்டைத் தடவினார். ஒரு தளிரைக் கிள்ளாமல் விரலில் ஏந்திப் பார்த்தார். போய் டீ ஊற்றினார். தாமரை விதை மிட்டாய்த் தட்டை நகர்த்தினார்.

“உட்காரு.”

“இல்ல பெரியம்மா, நிறைய வேலை…” என்றபடி உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

“வெள்ளம் உங்க பக்கம் பலமோ?”

“ம்.”

“அவர் இதைத் தேடினப்போ அரை நாள் அலைஞ்சார். நான் குளிர்ல நடுங்கிக்கிட்டு, ‘எதையாவது எடுத்துத் தொலைங்க’ன்னு திட்டினேன். ‘உன்னை எடுக்கவே இவ்வளவு நேரம் ஆகலை’ன்னார்.” அவருக்கே சிரிப்பு வந்தது. “கொடுப்பினை பாரு, வெள்ளத்துலகூடத் தப்பிச்சு வந்திருக்கு.”

லுவா டீயைக் கீழே வைத்தாள். பாதியிலேயே கும்பிட்டு எழுந்து, வாசல் வரை போய், ஹெல்மெட்டைத் தலையில் மாட்டினாள். வார் பூட்ட வரவில்லை. கழற்றிக்கொண்டு திரும்பி வந்து நின்றாள்.

“பெரியம்மா, இது உங்க மரம் இல்ல. உங்க மரம் வெள்ளத்துல செத்துப்போச்சு. அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லல. நேத்துப் பொழுதெல்லாம் சுத்தி இதை எடுத்தேன், உங்களை ஏமாத்தறதுக்குத்தான். சட்டி மட்டும்தான் உங்களது. திட்டுங்க, மரத்தைத் திருப்பிக்கூட எடுத்துட்டுப் போறேன். ஆனா அவர் படத்துக்கு முன்னாடி என்னால பொய் சொல்ல முடியலை.”

பெரியம்மா திட்டவில்லை. வெங்காயத் தோல் ஒட்டிய விரல்களை மடியில் துடைத்துக்கொண்டு, அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“போன வருஷம் உன் வீட்டுக்காரன் கொண்டுவந்து வெச்சதும் என் மரம் இல்லைம்மா, ஆனா அவன் கடைசிவரைக்கும் வாயைத் திறக்கவே இல்ல.”