நாற்காலியில் நாலு கியர்

ஏழு வருஷம் காத்திருந்து ஸ்கூட்டர் அலாட்மென்ட் கடிதம் வந்த அன்று, இவர் அதை வலது கையாலும் பல்லாலும்தான் பிரித்தார். போன மழைக்காலத்தில் பஸ் படிக்கட்டிலிருந்து விழுந்து உடைந்த இடது மணிக்கட்டு, சேர்ந்ததே தவிரச் சரியாகச் சேரவில்லை. டம்ளரைத் தூக்கும், திரும்பாது. ஸ்கூட்டருக்கோ கியர் இடது கைப்பிடியில். கிளட்சை அழுத்திக்கொண்டே பிடியைத் திருப்ப வேண்டும்.

"பட்டாபி மச்சினனுக்கு ஸ்கூட்டர் வேணுமாம், கொடுத்துடலாம்" என்றார். பட்டாபி இவருடைய செக்ஷனில் அடுத்த மேஜை. "மாசக் கடைசிக்குள்ள எடுத்துக்கலேன்னா யாருக்கும் இல்லாமப் போயிடும், வல்லி."

எனக்கு வந்ததே கோபம். எழுபத்தைந்தில் பதிவு செய்த நாளிலிருந்து தில்லி கிட்வாய் நகரின் இந்த மாடி வீட்டில் எங்களோடு அந்த ஸ்கூட்டரும் குடியிருந்தது. அதற்கு என்ன நிறம், படிக்கட்டுக்கு அடியில் எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதுவரை தீர்மானமாகிவிட்டது. கொட்டுகிற மழையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் "ஸ்கூட்டர் வரட்டும்" என்பார். அதைத் தூக்கி யாரோ ஒரு மச்சினனுக்குக் கொடுப்பாராம்!

"நான் ஓட்டறேன்."

"நீயா?"

"ஏன்? எங்காத்துல அண்ணா சைக்கிளை ஓட்டினவதானே நான்?"

சிரித்தார். இவருக்குக் கஸ்தூரிரங்கன் என்று பெயர் வைத்தவர்கள் இப்படிச் சிரிக்கக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டாம். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, கீழாத்து சர்தார்ஜியோட வண்டியைக் கேக்கறேன். வர ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை, கிரவுண்டுல ஒரு ரவுண்டு. ஓட்டினா நமக்கு. இல்லேன்னா திங்கக்கிழமை பட்டாபிக்கு" என்றார். பட்டாபிக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை அன்றைக்கே எழுதிக் கையெழுத்தும் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். குமாஸ்தா புத்தி.

மறுநாளிலிருந்து காலை எட்டரைக்கு நான் பால்கனியில். சர்தார்ஜி வண்டியைத் தன் பக்கமாக ஒரு சாய்ப்புச் சாய்த்து, நிமிர்த்தி, உதைத்துக் கிளப்புவார். அதற்கப்புறம் அந்த இடது கை என்னதான் செய்கிறது? முதல் நாள் ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் கண்ணை விட்டுவிட்டுக் காதைக் கொடுத்தேன். சத்தம் ஏறும், இன்னும் ஏறும், இனி தாங்காது என்கிறபோது சட்டென்று தணியும். தணிகிற அந்த இடத்தில்தான் கை திரும்புகிறது! எண்ணெயில் போட்ட கடுகு எப்போது வெடிக்கும் என்று காதுக்குத் தெரிகிற மாதிரி, அன்றைக்கு எனக்கு அது தெரிந்துபோயிற்று. தெருவில் போகிற ஸ்கூட்டருக்கெல்லாம் சமையலறையில் நின்றபடியே கியர் எண்ண ஆரம்பித்தேன். ரசம் இரண்டு தடவை பொங்கி வழிந்தது.

வண்டிக்கு எங்கே போவது? சாப்பாட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, காலை இருபுறமும் விட்டு உட்கார்ந்தேன். அதன் முதுகில் பூரிக்கட்டையைத் துணியால் கட்டினேன். கூடவே இடுக்கியையும் சேர்த்துப் பிடித்தால், விரல்கள் அழுத்த இடுக்கி மூடிக்கொள்ளும். அதுதான் கிளட்ச். கட்டையில் கோலமாவைக் குழைத்துக் கோடு போட்டேன். மேலே ஒன்று, அதற்குக் கீழே நியூட்ரல், அப்புறம் இரண்டு, மூன்று, நாலு.

பேப்பருக்குப் பின்னாலிருந்து இவர் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், "கிளட்சைப் பட்டுனு விடாதே. எஞ்சின் அடங்கிப்போயிடும்" என்றார். நாலாம் நாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம், பெருமாளே, மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர் வாயாலேயே எஞ்சின் ஓட்டினார். "டுர்ர்ர்ர்..." என்று ஏற்றிக்கொண்டே போவார். நான் திருப்பவில்லையென்றால் மூச்சு முட்டி முகம் சிவந்துவிடும்.

"உன் கை நன்னாத் திரும்பறதே" என்றார் ஒருநாள். "இத்தனை நாள் எங்கே வெச்சிண்டிருந்தே?"

நான் பிறவியிலேயே பீச்சாங்கைக்காரி. கல்யாணமான புதிதில் மறந்துபோய் இடது கையால் ரசம் விட்டதற்காக, பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்தவர் இவர். அன்றிலிருந்து வலது கையால்தான் பரிமாறுகிறேன். இன்றைக்கும் சிந்தும்.

"நீங்கதானே வேண்டாம்னேள்" என்றேன்.

எஞ்சின் நின்றுபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பனி விலகாத கிரவுண்டில், புடவைமேல் ஸ்வெட்டரும் காலில் இவருடைய கான்வாஸ் ஷூவுமாக நின்றேன். சர்தார்ஜி வண்டியைக் கிளப்பிக் கொடுத்து, "ஆராம் சே, பாபிஜி" என்று, அண்ணி முறை வைத்து, நிதானமாகப் போகச் சொன்னார். கிளட்ச், மேலே ஒன்று, மெதுவாக விடு, வலது கையை முறுக்கு. வண்டி உறுமிக்கொண்டு நகர்ந்தது. நாற்காலி ஒருநாளும் இப்படிக் காற்றை முகத்தில் அடித்ததில்லை. சத்தம் ஏறியது, திருப்பினேன், இரண்டு. மறுபடி ஏறியது, மூன்று. கத்த வேண்டும்போல் இருந்தது, அவ்வளவு சந்தோஷம்!

ஒரு ரவுண்டு முடிந்தது. அவர்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போனேன். இரண்டாவது ரவுண்டிலும் தாண்டிப் போனேன்.

"பிரேக்! பிரேக் லகாவோ, பாபிஜி!"

பிரேக்கா? ஒருநாளும் ஓடாத நாற்காலிக்கு பிரேக் வேண்டும் என்று எங்கள் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லையே! காலடியில் எங்கேயோ இருக்கிறது, குனிந்து பார்த்தால் விழுவேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பூரிக்கட்டைதான். வலது கை முறுக்கியிருந்ததை விட்டேன், கிளட்சை அழுத்தினேன், மூன்று, இரண்டு, நியூட்ரல் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். புல்லில் வேகம் தேய்ந்து தேய்ந்து வண்டி தானாகவே தளர்ந்தது. கோல் கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால் காலை ஊன்றினேன். எஞ்சின் அணையவில்லை.

இவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சர்தார்ஜியைக் கூப்பிட்டு பிரேக் எங்கே என்று காட்டச் சொன்னார். அவர் காட்டினார், நான் நாலு தடவை மிதித்துப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். சட்டைப் பையில் பட்டாபிக்கு எழுதிய அந்தக் கடிதம் என் முதுகில் பட்டு மொடமொடத்தது.

"கிளம்பட்டுமா?"

"ம்."

இடது கையை என் தோளில் வைத்தார். வண்டி நகர்ந்தது, சத்தம் ஏற ஆரம்பித்தது. நான் திருப்புவதற்கு ஒரு நொடி முன்னால், அந்த விறைத்த கை என் தோளைப் பிடித்துக்கொண்டு, முடிந்த மட்டும், திரும்ப முயன்றது.