குழாய்க்குள் ஒரு கடல்

என் தம்பிக்கு என்மேல் அப்படி என்ன வன்மமோ, நான் சொல்வது தப்பு என்று பன்னிரண்டு வருடமாக ஒற்றைக்காலில் நிற்கிறான். ஒரே ஆய்வுக்கூடத்தில் எதிரெதிர் மேசை எங்களுக்கு. இருவரும் பாறை ஆராய்ச்சி. எந்தக் கல்லையும் முதலில் நக்கிப் பார்க்கிற வர்க்கம். என்னிடம் ஜிர்கான் என்ற கனிமத்தின் ஒரே ஒரு மணி இருந்தது, கடுகில் கால்வாசி. வயது நானூற்று நாற்பது கோடி ஆண்டு. அதற்குள் ஒரு பொட்டுத் தண்ணீர். பூமி பிறந்த சூட்டோடு சூடாகக் கடலும் வந்துவிட்டது என்று நான் சொல்வதற்கு அதுதான் சாட்சி.

“கல்லோட வயசு சரிக்கா. தண்ணி பிற்பாடு விரிசல் வழியா இறங்கின மழைத்தண்ணி. நசுக்கிப் பாத்துடலாமா?” என்றான்.

நசுக்கினால் மணி போய்விடும். தோற்றால் என் பன்னிரண்டு வருடமும் போய்விடும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நசுக்குடா! உன் வாய அடைச்சாத்தான் எனக்கு நிம்மதி.”

அன்று மதியம் மணியை எஃகுக் குழாயில் இட்டு, காற்றையெல்லாம் உறிஞ்சியெடுத்து, மூடியை இறுக்கினோம். உள்ளே இருப்பது துளிகூட வெளியே வராது. தம்பி பிடியை முறுக்கினான். ‘கிரிச்’ என்றது. கருவியில் எண்கள் வந்தன. எந்த மழைத்தண்ணீரோடும் பொருந்தவில்லை. கல் உருவானபோதே அடைபட்ட தண்ணீர்தான்.

“பாத்தியாடா!” என்று துள்ளினேன். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

“அக்கா, கடல் வாசனை வருது.”

எனக்கும் வந்தது. இங்கிருந்து கடலுக்கு ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும்.

“அந்த வாசனையே கடல்ல வாழுற பாசி விடுறதுதானேக்கா. இந்தக் கல் உருவானப்போ உயிரே கிடையாதே.” அவன் குரல் இறங்கிப்போனது. “இத மட்டும் எழுதாதே. நீதான் ஜெயிச்சே, ஒத்துக்கறேன். வாசனைன்னு எழுதினா மொத்தத்தையும் சிரிச்சுத் தள்ளிடுவாங்க.”

எழுதவில்லை. கட்டுரையில் அவனும் கையெழுத்துப் போட்டான். குழாயைத் திறந்து கழுவத்தான் இருவருக்கும் கை வரவில்லை.

இன்று காலை அதன் வெளிப்புறம் முத்துமுத்தாக வியர்த்திருந்தது. விரலால் வழித்தேன். பழக்கதோஷம், யோசிப்பதற்குள் விரல் நாக்குக்குப் போய்விட்டது.

ஒரே உப்பு. ஓடிப்போய்ப் பத்து முறை கொப்பளித்தேன்.

திரும்பி வந்தபோது தம்பி மேசையில் எழுதிக்கொண்டிருந்தான். “டேய், ஒரு விஷயம்...” என்று ஆரம்பித்தேன். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து, சுவர்வரை பின்னால் போனான்.

“அக்கா,” என்றான், “நீ வாயத் திறக்காதே.”