பதில் கட்டம்

அகராதி அலுவலகத்தில் அவருக்குச் சீட்டுக்காரர் என்று பெயர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு கட்டு வெற்றுச் சீட்டு இருக்கும். யாராவது வாயைத் திறந்தால் போதும், குறித்துக்கொள்வார். ஆங்கிலச் சொற்களை நம் ஜனங்கள் எப்படியெல்லாம் புழங்குகிறார்கள் என்று சொல்லும் அகராதி அது. மூன்று மாதமாக அவர் தலையில் விழுந்திருந்த சொல் 'ஃப்ரீ'.

லேசுப்பட்ட சொல்லா அது? சோப்புக் கடையில் ரெண்டு வாங்கினால் ஒன்று ஃப்ரீ. பஸ்ஸில் சீட் ஃப்ரீ. டாக்டர் கேட்கிறார், "வயிறு ஃப்ரீயா போச்சா?" சண்டை முற்றினால் நாலு பேர் வந்து, "ஃப்ரீயா விடுப்பா" என்கிறார்கள். பக்கத்து வீட்டு அத்தை யாரோ ஒருத்தியைப் பற்றி, "எல்லார்கிட்டயும் ஃப்ரீயா பழகுவா" என்றால் அது பாராட்டில்லை. இருநூறு சீட்டு சேர்ந்துவிட்டது.

அலுவலகத்தில் ஒரு கறாரான வழக்கம் உண்டு. கற்பனை வாக்கியம் கூடாது. காதால் கேட்டதாக இருக்க வேண்டும், அல்லது போனில் வந்ததாக இருக்க வேண்டும். சொன்னவர், தேதி, அதற்குக் கிடைத்த பதில் என்று சீட்டில் மூன்று கட்டம். பதில் தெரியாமல் பொருள் தெரியாது என்பது தலைமைத் தொகுப்பாளர் அம்மாவின் கட்சி.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மதியம் 'ஃப்ரீ' அச்சுக்குப் போக வேண்டும். உட்கார்ந்தார், எழுந்தார், டீயை ஆறவிட்டுக் குடித்தார். எதையோ மறந்துவிட்டோம் என்று மனசு குடைந்துகொண்டே இருந்தது.

தொகுப்பாளர் அம்மா ஐந்து சீட்டுகளோடு வந்தார். "சார், இதுல எதுலயும் பதில் கட்டம் நிரப்பலையே. அஞ்சும் ஒரே ஆள் சொன்னது. என்ன பதில் கிடைச்சுதுன்னு எழுதிக் குடுத்துடுங்க."

சொன்னவர் கட்டத்தில் அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: அக்கா, தையற்காரி.

"தம்பி, ஃப்ரீயா இருந்தா போன் பண்ணு."

"இப்பவாவது ஃப்ரீயா? கண்ணுல புரையாம். ஊசி கோக்க முடியலடா."

"ராத்திரி ஃப்ரீ ஆனதும் கூப்பிடு."

"வர்ற செவ்வாய் ஃப்ரீயா? பதினோரு மணிக்குக் கண் ஆபரேஷன். கூட ஒரு ஆள் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் செய்வாங்களாம்." இதன் கீழே சிவப்பு மையில் அவரே குறித்திருந்தார்: நல்ல எடுத்துக்காட்டு.

"ஃப்ரீ இல்லேன்னா பரவால்லடா. நான் பாத்துக்கிறேன்."

தேதிக் கட்டத்தைப் பார்த்தார். அந்தச் செவ்வாய் இன்றுதான். செய்தி வந்ததும் ஆசை ஆசையாகச் சீட்டில் இறக்கியிருக்கிறார். சீட்டு எழுதியதையே பதில் எழுதியதாக நினைத்து நிம்மதியாக இருந்திருக்கிறார். ஊரார் வாயையெல்லாம் அளந்தவருக்குக் கூடப் பிறந்தவள் கேட்டது காதில் ஏறவில்லை.

மணி பத்து நாற்பது. அக்காவின் போன் அணைந்திருந்தது. "சார், சீட்டு?" என்று அம்மா கேட்டதற்குத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கி ஓடினார். ஆட்டோ ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. அவர் மட்டும் உள்ளே உட்கார்ந்தபடியே ஓடிக்கொண்டிருந்தார்.

கண் ஆஸ்பத்திரியின் மாடி வராந்தாவில் பெஞ்சு நிறைய ஆட்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு துணை. கடைசியில் அக்கா தனியாக இருந்தாள். புரை விழுந்த கண்ணில் சொட்டு மருந்து வழிந்தது, மற்றக் கண்ணும் மங்கல்தான். மடியில் ஒரு படிவம். மூச்சிரைக்க அவர் எதிரே போய் நின்றார்.

யாரோ வந்து நிற்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. படிவத்தை நீட்டினாள்.

"ஐயா, நீங்க ஃப்ரீயா இருந்தா இதுல ஒரு கையெழுத்துப் போடுறீங்களா? என் தம்பி வரணும். பெரிய வேலையில இருக்கான், பாவம்."

பழக்க தோஷம், கை சட்டைப்பைக்குப் போனது. சீட்டைத் தொட்டதும் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். பேனாவை மட்டும் எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அவள் படிவத்தைத் தடவி வாங்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நல்லா இருங்க. யாரு பெத்த புள்ளையோ!"

"நம்ம அம்மா பெத்ததுதான்க்கா" என்றார் அவர், அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து.