தொலைஞ்சு போ

பியோ முதலாளியின் வாய்க்குப் பயப்படாத ஆள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. இறைச்சியை மடித்துத் தின்கிற கெனிப் இலையைப் பிளாஸ்டிக் கூடாரங்களில் வளர்த்து விற்கிறவர். கம்போடியாவிலிருந்து கொரியாவுக்கு வேலை அனுமதி வாங்கிக்கொண்டு வந்த மாலிஸ் அவரிடம்தான் இலை பறித்தாள். அந்த அனுமதி ஒரு முதலாளியிடம் மட்டும்தான் செல்லும். அவர் விடுவித்தால் வேறு இடம் போகலாம். சொல்லாமல் ஓடிவிட்டாள் என்று அவர் ஒரு வார்த்தை புகார் கொடுத்தால் போதும், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். என்ன சட்டமோ!

அன்று அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தங்கியிருந்த கொட்டகையில் குழாய் உறைந்து போயிருந்தது.

"முதலாளி, குளிக்கத் தண்ணி வரல."

"மகாராணிக்குத் தண்ணி வேணுமாம்! பிடிக்கலேன்னா தொலைஞ்சு போ!" என்று அவள் பையைத் தூக்கி வாசலில் பனிச்சேற்றில் வீசினார்.

போ என்றால் போவதுதானே? பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டவுனில் தோழியின் அறையில் தங்கி, மறுநாள் காலை வேலை அனுமதி அலுவலகத்தில் போய் நின்றாள். அதிகாரி சோ கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நேத்தே புகார் வந்தாச்சும்மா. நீ ஓடிப்போயிட்ட. இருக்கிற இடம் தெரியலன்னு போட்டிருக்கு."

"உங்க மூஞ்சிக்கு நேரா நிக்கிறேனே ஐயா! அவருதான் தொலைஞ்சு போன்னாரு."

முதலாளியை வரச் சொன்னார்கள். அலுவலகத்துக்கென்று ஒரு பெட்டி கமலாப்பழத்தோடு வந்து சேர்ந்தார். பின்னாலேயே அவர் மனைவி.

"அட, வாய் தவறி வர்றதுங்க. நம்ம ஊர்ல யாருதான் சொல்லல? இவகிட்டகூட தினமும் சொல்றேன், தொலைஞ்சு போடின்னு. எங்க போனா? இன்னும் சோறாக்கிப் போட்டுக்கிட்டுதான இருக்கா!"

சோ சிரித்தார். பக்கத்து மேசைக்காரரும் சேர்ந்துகொண்டார்.

"பையைத் தூக்கி எறிஞ்சாரே, அதுவும் வாய் தவறியா?" என்று மாலிஸ் கேட்டாள். அந்தச் சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கொரிய மொழித் தேர்வு எழுதித் தேறி வந்தவள் அவள். 'தயவுசெய்து அமருங்கள்', 'மிக்க நன்றி' என்று அந்தப் புத்தகம் முழுக்க ஒரே மரியாதை. திட்டுகிறவன் போ என்றால் போகக் கூடாது என்று எந்தப் பாடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்?

"பாஷை புரியாமப் பண்ணிட்ட. தப்பு என்னுதுன்னு கையெழுத்துப் போட்டுட்டு அவர்கூடப் போ. புகாரை வாபஸ் வாங்கிப்பாரு" என்று சோ பேனாவை நீட்டினார்.

ஊருக்குத் திரும்பினால் தங்கையின் நர்ஸ் படிப்பு பாதியில் நிற்கும். அது தெரிந்தும் மாலிஸ் பேனாவைத் தொடவில்லை.

"புரிஞ்சுதான் போனேன். ஊருக்கே அனுப்புங்க, இந்த ஆளோட போக மாட்டேன்."

"திமிரைப் பாத்தீங்களா?" என்றார் முதலாளி.

அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பினாள்.

"பையை எறிஞ்சது நெசம். நான் பாத்தேன்."

"வாயை மூடுடி!"

"என் பையையும் எறிஞ்சிருக்காரு. எனக்குப் போக இடமில்ல, அதனால இருக்கேன். இந்தப் பொண்ணுக்கு இருந்துச்சு, போனா."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. முதலாளி கார் சாவியை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போனார். மனைவி பின்னால் போகவில்லை.

சோ தொண்டையைச் செருமிக்கொண்டு புகாரை ரத்து செய்தார். வேறு முதலாளியைத் தேடிக்கொள்ள அனுமதி கொடுத்து, முத்திரை குத்தி மாலிஸிடம் நீட்டினார்.

"பையை எறிஞ்சாருன்னு முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதேம்மா."

"சொன்னேன் ஐயா," என்றாள் மாலிஸ். "நீங்க சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க."