அறுபத்தேழில் நிற்கும் கோடு

"டிஸ்க்கை மாத்துக்கா. நான் சொல்றது உனக்கு—"

"கார்டுதான்டா. கிராபிக்ஸ் கார்டை மாத்தினா—"

"—கேக்குதா இல்லையா? டிஸ்க்கு—"

"—மரத்துல இலையாவது தெரியும். இப்ப எல்லா மரமும் துடைப்பக்கட்டை மாதிரி நிக்குது."

"இலை எண்ணவா லாரி ஓட்டுறோம்? கொண்டையில தாழம்பூவாம், உள்ள ஈரும் பேனுமாம்! முதல்ல உன் கம்ப்யூட்டரைத் திறக்க வை. நான் வந்து நின்னு நாலரை நிமிஷம் கழிச்சுத்தான் உன் லாரி வருது."

"நின்னு கால் வலிக்குதோ? உக்காந்துதானே இருக்க!"

ஹெட்செட்டில் ஒருவர் பேசுவது மற்றவர் காதுக்குப் போக அரை விநாடி ஆகும். அதனால் அக்காளும் தம்பியும் சண்டை பிடித்தால், இரண்டு பேர் ஒரே கதவில் ஒரே நேரத்தில் நுழையப் பார்க்கிற கதைதான். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள், தனிக்கட்டை. அவனுக்கு நாற்பத்து நான்கு. மனைவி, இரண்டு பெண்கள், ஒரு நாள் பயணத் தொலைவில் வீடு. ஞாயிறு காலை பத்து மணியானால் இருவரும் கம்ப்யூட்டரில் சரக்கு லாரி ஓட்டுவார்கள். மூன்று வருடமாக ஒரு ஞாயிறு தவறியதில்லை.

"இந்த மாசம் ஒண்ணுதான் மாத்த முடியும். அது கார்டு. பேச்சு முடிஞ்சுது" என்று அவள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாள்.

இலை தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன. அவளுக்கு வேண்டியது அந்த நாலரை நிமிடம்.

அவளுடைய பழைய டிஸ்க்கில் விளையாட்டு திறப்பதற்குள் திரையில் ஒரு நீலக் கோடு ஊரும். அறுபத்தேழு சதவீதம் வரை ஒழுங்காக வரும். அங்கே, மாடிப்படி பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறவளைப் போல, அசையாமல் நின்றுவிடும். தம்பிக்கு ஆறே விநாடியில் திறந்துவிடும். ஆனால் இரண்டு லாரியும் வந்து சேர்ந்தால்தான் சரக்குக் கிடங்கின் கேட் திறக்கும். அதுவரை அவன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கை சும்மா இருந்தால் அவனுக்கு வாய் திறக்கும்.

மற்றபடி அவன் வாயைத் திறக்கவைக்க யாராலும் ஆகாது. சின்ன வயதிலேயே அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். போனில் கூப்பிட்டால் "ம்", "சரி", "வைக்கட்டா" என்ற மூன்று சொல்லோடு சரி. சின்னவளுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் என்பதும், அவனுக்கு முழங்கால் தேய்ந்துவருகிறது என்பதும், வேலையில் அவனைத் தாண்டி வேறொருவனை மேலே ஏற்றிவிட்டார்கள் என்பதும் அவளுக்கு அறுபத்தேழில் தெரிய வந்தவை. கேட் திறந்ததோ இல்லையோ, ஆள் மாறிவிடுவான். "லெஃப்ட்ல எடு. பிரேக்கு. கண்ணாடியைப் பாரு." அவ்வளவுதான்.

இன்று காலையும் கோடு அறுபத்தேழில் நின்றது.

"அக்கா."

"சொல்றா."

"நானும் அவளும் பேசிப் பதினேழு நாளாச்சுக்கா."

அவள் வாயெடுப்பதற்குள், என்றைக்கும் இல்லாத அதிசயமாக, அந்தப் பாழாய்ப்போன கோடு ஒரே தாவில் நூறுக்குப் போய்விட்டது.

"வந்துட்டியா? வா, கிளம்பலாம்" என்றான். வழியெல்லாம் அதைப்பற்றி ஒரு சொல் இல்லை. சரக்கை இறக்கிய பிறகு டிஸ்க்குச் சண்டையைத்தான் ஆரம்பித்தான்.

திங்கட்கிழமை முழுக்க அந்தப் பதினேழு அவள் காதிலேயே இருந்தது. "மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. விடுங்க." ஒரு நாளில் அவள் பேசுகிற பேச்சில் முக்கால்வாசி இதுதான். மூச்சை விட்டவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜ் முனகும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

செவ்வாயன்று போன் போட்டாள்.

"என்னடா, அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தியே?"

"எப்ப?"

"பதினேழு நாள்னு..."

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. மீட்டிங்ல இருக்கேன். வைக்கட்டா?"

வியாழன் மதியம் லீவு போட்டு, கம்ப்யூட்டரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்து டாக்சியில் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் மூடியைக் கழற்றி, தூசி ஊதி, ஏதேதோ சோதித்துப் பார்த்தார்.

"கார்டு நல்லாத்தானேம்மா இருக்கு. யாரு மாத்தச் சொன்னது?"

"நான்தான்."

"இங்க வந்து காதை வச்சுக் கேளுங்க."

உள்ளே டிக், டிக்கென்று, நகத்தால் யாரோ தட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

"டிஸ்க்கு போகப்போகுது. இன்னும் ரெண்டு வாரமோ, நாளைக்கோ. போயிருச்சுன்னா எதுவுமே திறக்காது. கார்டு மாத்தி என்ன செய்வீங்க?"

நோயாளிக்கு இன்னும் தெரியாத ஒன்றை எக்ஸ்ரே படத்தில் முதலில் பார்ப்பதும், பார்த்ததை முகத்தில் காட்டாமல் "வெளியில உக்காருங்க, டாக்டர் கூப்பிடுவார்" என்பதும் அவளுக்கு முப்பது வருடப் பழக்கம். இன்று வெளியில் உட்கார வேண்டியவள் அவளே. டிஸ்க்கை மாற்றினால் நாலரை நிமிடம் போகும். மாற்றாவிட்டால் ஞாயிறே போகும்.

"ஏங்க, கொஞ்சம் மெதுவாத் திறக்கிற மாதிரி புது டிஸ்க் ஏதாவது இருக்கா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "இருபத்திரெண்டு வருஷமா கடை வச்சிருக்கேன்மா. மெதுவா வேணும்னு கேட்ட முத ஆள் நீங்கதான்."

அவளும் சிரித்து வைத்தாள். "சரி, டிஸ்க்கையே மாத்துங்க."

ஞாயிறு பத்து மணி. பழக்க தோஷத்தில் காபியை ஆற வைத்துவிட்டுத்தான் பட்டனைத் தட்டினாள். நீலக் கோடு அறுபத்தேழை எட்டிக்கூடப் பார்க்காமல் ஓடி மறைந்தது. கிடங்கு, அதன் முற்றம், அவளுடைய லாரி, பக்கத்தில் தம்பியின் லாரி. காபியில் இன்னும் ஆவி பறந்தது.

"அக்கா, வந்துட்டியா?"

"இல்லடா. இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. நீ சொல்லு, வீட்டுல—"

"எது சுத்துது?"

"அறுபத்தேழுல நிக்குதுடா, வழக்கம்போல."

அரை விநாடி.

"உன் லாரி என் பக்கத்துல நிக்குதுக்கா. ஹெட்லைட் எரியுது."

கையும் களவுமாக மாட்டிக்கொண்டவளுக்குக் காது வரை சூடேறியது. அவனோ குதித்தான். "டிஸ்க்கை மாத்திட்டியா! சொன்னேன்ல? யாரு சொன்னா கேப்ப நீ! சரி சரி, கேட் திறந்துடுச்சு. வா, கிளம்பலாம்."

அவன் எஞ்சின் உறுமுவது ஹெட்செட்டில் கேட்டது. அவள் முந்திக்கொண்டு லாரியை நகர்த்தினாள். கேட் வரை போய், ஸ்டியரிங்கை ஒரே ஒடியாக ஒடித்து, முன்பக்கம் ஒரு தூணிலும் பின்பக்கம் மறு தூணிலும் இடிக்கக் குறுக்கே நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள்.

"என்னக்கா பண்ற? வழியை மறிச்சுக்கிட்டு நிக்குற."

"தெரியுது."

"ரிவர்ஸ் எடு."

"மாட்டேன்."

"மாட்டியா? பின்ன நான் எப்படிப் போறது?"

"போக வேண்டாம். டேய் கோட்டான், போன வாரம் பதினேழு நாள்னு சொன்ன. இன்னைக்கு இருபத்து நாலா, இல்ல நடுவுல அவகிட்டப் பேசிட்டியா?"