ஒரு அப்பளம் பொரியுற நேரம்

எங்க ஃபிளாட்டுல தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு நூலகம் இருக்கு. புஸ்தகம் கிடையாது, ஆளுங்கதான். ஒவ்வொருத்தருக்கும் ஒரே ஒரு சின்ன வேலை தெரியும். கம்ப்யூட்டர்ல ஜாவாஸ்கிரிப்ட் எழுதுற பிள்ளைங்க வந்து அட்டையைக் காட்டி, வேணுங்கற ஆளை இரவல் வாங்கிக்கிட்டுப் போவாங்க. வேலை முடிஞ்சா திருப்பி விட்டுடணும். லேட்டானா அபராதம் இல்ல, அதுவரைக்கும் அந்த ஆளுக்குச் சோறு போடணும், அவ்வளவுதான்.

என் மருமக மதிவதனிக்கும் அந்த எழுத்து வேலைதான். "ஏம்மா, எல்லாத்துக்கும் ஆளைக் கூட்டியாறியே, நீயே எழுதிக்கக் கூடாதா?"ன்னு ஒருநாள் கேட்டேன். "அத்தை, இட்லி சுடணும்னா நீங்க என்ன கிரைண்டர் கம்பெனியா ஆரம்பிக்கிறீங்க?"ன்னா. நியாயமான பேச்சு. கிரைண்டர்னு சொன்னதும் ஞாபகம் வருது, எங்க வீட்டுக்கு முதல் முதல்ல கிரைண்டர் வந்தப்போ என் மாமியார் அதுக்குக் குங்குமம் வச்சுட்டு, அது பக்கத்துலயே உட்கார்ந்து, தனியா சுத்துதே பாவம்னு பேச்சுத் துணைக்கு இருந்தாங்க. சரி, அது இருக்கட்டும்.

கும்பகோணத்துல பாத்திரக் கடை வச்சிருக்கிற செல்லையான்னு ஒருத்தர், தன் கடையைப் போன்லயே பார்க்கிற மாதிரி பண்ணிக் குடுங்கன்னு மதி ஆபீஸ்ல கேட்டிருந்தாரு. ஒரு கட்டம் இருக்கும். அதுல வேணுங்கற சாமான் பேரை எழுதினா, ஒருத்தர் போய் எடுத்துக்கிட்டு வரணும். ஜனங்க சும்மா எழுதுறாங்களா? 'இ'ன்னு எழுதுவாங்க, 'இட்'டுன்னு எழுதுவாங்க, அழிப்பாங்க, அப்புறம் தோசைக்கல்லுன்னு எழுதுவாங்க. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓடினா எடுத்தாறவன் கால் ஒடிஞ்சுடும். அதுக்குன்னே நூலகத்துல ஒருத்தர் இருந்தாரு, சபாபதின்னு பேரு. கையைக் கட்டிக்கிட்டு நிப்பாரு. நீ கேட்கிறதையெல்லாம் கேட்டு முடிச்சு, ஒரு அப்பளம் பொரியுற நேரம் சத்தமில்லாம இருக்கணும். அப்புறம்தான் கிளம்புவாரு. கடைசியா என்ன கேட்டியோ அதை மட்டும் கொண்டு வருவாரு. அதுக்கு முன்னாடி கேட்டதெல்லாம் காத்தோட போச்சு.

மதி அவரைக் கூட்டிக்கிட்டு வந்து ஹால்ல ஃபிரிட்ஜ் பக்கத்துல நிறுத்தினா. அட்டை எங்க வீட்டு விலாசத்துல இருக்கிறதால ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டுப் போக முடியாது.

சபாபதிக்கு விரல் பேசினாலும் ஒண்ணுதான், வாய் பேசினாலும் ஒண்ணுதான். முதல் நாளு மதி அந்தக் கட்டத்துல கரண்டின்னு எழுதினா. நான் பாட்டுக்கு, என் கல்யாணத்துல நடந்ததைச் சொல்லிக்கிட்டிருந்தேன். நடுவுல பால்கனியில பூனை வந்துச்சு. "அந்தப் பூனையை யாராவது விரட்டுங்களேன்"னு சொல்லிட்டு, பிரஷர் மாத்திரையை வாயில போட்டுத் தண்ணி குடிச்சேன். அந்த இடைவெளியில சபாபதி போய்ப் பூனையை விரட்டிட்டு வந்து நின்னாரு. கரண்டி வரல. அதுக்கப்புறம் அன்னைக்கு முழுக்க அவரு நகரவே இல்ல. ராத்திரிதான் எனக்கு அடுத்த மாத்திரை.

மதியோட மேனேஜர் போன்ல சொன்னாரு, நானும் கேட்டேன், அவ ஸ்பீக்கர்லதான் போடுவா. "மதிவதனி, திங்கக்கிழமை செல்லையா சார் உங்க வீட்டுக்கே நேர்ல வந்து பார்க்கிறேங்கறாரு. அவருக்குப் பிடிக்கலைன்னா இந்த வேலை புனே டீமுக்குப் போயிடும். கூடவே நீங்களும் போகணும்."

என் மகன் கப்பல்ல இருக்கான். மதி புனேக்குப் போனா நானும் போகணும். அங்க போய் நான் யார்கிட்ட என்னத்தைப் பேசுவேன்? லிஃப்ட்ல ஏறினாக் கூட அந்த மராத்திப் பொம்பளைங்க சிரிச்சுட்டு இறங்கிப் போயிடுவாங்க.

அதனால மதி என் பேச்சுக்கு ஒரு வழி பண்ணப் பார்த்தா. எனக்கு அதுல வருத்தம் இல்ல.

முதல்ல ஜெயசீலின்னு ஒரு பொண்ணை இரவல் வாங்கியாந்தா. ஒரே சாமான் ரெண்டு இருந்தா ஒண்ணை எடுத்துடறது அவ வேலை. நான் ஏற்கெனவே சொன்ன எதையாவது சொல்ல வாயெடுத்தா, அதை அப்படியே எடுத்து முறத்துல போட்டுடுவா. சாயங்காலத்துக்குள்ள முறம் நிறைஞ்சு போச்சு. எனக்குப் பேச மிச்சம் இருந்தது அன்னைக்கு வந்த கீரை விலை மட்டும்தான். மதி பார்த்துட்டு, "பாவமா இருக்கு அத்தை"ன்னு சொல்லி அவளைத் திருப்பி விட்டுட்டா. போகும்போது அந்த முறத்தை என்கிட்டயே குடுத்துட்டுப் போச்சு அந்தப் பொண்ணு, நல்ல குணம்.

அடுத்து அந்தோணி. டப்பாவுக்குள்ள டப்பா, அதுக்குள்ள இன்னொரு டப்பா இருந்தா எல்லாத்தையும் பிரிச்சு ஒரே வரிசையா வைக்கிறது அவரு வேலை. அவரு என் கல்யாணக் கதையைப் பிரிச்சாரு. அதுக்குள்ள சமையல்காரர் தர்மராஜன் கதை இருந்துச்சு, அவரு உப்பைக் கையால போடமாட்டாரு, கொதிக்கிற சத்தத்தைக் காதால கேட்டுட்டுத்தான் போடுவாரு. அதுக்குள்ள என் வீட்டுக்காரர் செருப்புக் கதை. மாப்பிள்ளைச் செருப்பு புதுசு, நடந்தா கிறீச் கிறீச்சுன்னு கத்தும். பொண்ணு பார்க்க வந்தப்போ தெருமுனையிலயே கேட்டுச்சு. அந்தச் செருப்பு பிஞ்சப்புறமும் அவரு போடுற எந்தச் செருப்பும் அப்படித்தான் கத்தும். அவரு போய் இத்தனை வருஷமாச்சு, இன்னமும் வாசல்ல ஏதாவது கத்தினா நான் எழுந்து காபிக்குப் பாலை வச்சுடுவேன். அந்தோணி எல்லாத்தையும் ஹால் தரையில வரிசையா அடுக்கி வச்சாரு. சமையல்கட்டுக்குப் போக வழியில்லாம சுவரோரமா நடந்தோம். கதை குறையல, நீளமாத்தான் ஆச்சு.

கடைசியா வைத்தி, நான் ஹாலை விட்டுத் தள்ளி உட்கார்ந்து பேசட்டும்னு. அவரு ஒண்ணுமே செய்யமாட்டாரு, அதுதான் அவரு வேலை. அவரை மாதிரி பேச்சுத் துணை எனக்கு ஜென்மத்துல கிடைச்சதில்ல. பால்கனியில உட்கார்ந்து ரெண்டு பேரும் பொழுதைப் போக்கினோம். ஆனா சபாபதிக்குக் காது ரொம்பக் கூர்மை, பால்கனிக் கதவைச் சாத்தினாலும் கேட்கும். ஃபிரிட்ஜ் பக்கத்துல அசையாம நின்னாரு.

திங்கக்கிழமை வந்துடுச்சு.

"அத்தை, இன்னைக்கு ஒருநாள் மட்டும்..."

"நான் எங்கடி பேசுறேன்? வாயைத் தைச்சுக்கிட்டு உட்கார்ந்துடறேன். எங்க ஊர்ல ஒருத்தி அப்படித்தான் மௌன விரதம்னு..."

"அத்தை!"

வாயை மூடிக்கிட்டேன்.

செல்லையா வந்தாரு. வெள்ளைச் சட்டை, கையில மஞ்சப் பை, பைக்குள்ள எங்களுக்கு ஒரு சீப்பு பூவம்பழம். மதி போனைக் குடுத்தா. மேனேஜர் லேப்டாப்புக்குள்ள உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தாரு. செல்லையா ஒத்தை விரலால இட்லிப் பானைன்னு எழுதினாரு. எழுதிட்டு நிமிர்ந்தாரு.

"எழுதியாச்சும்மா. இட்லிப் பானைன்னா சும்மா இல்ல, எங்க தாத்தா காலத்துல செம்புலதான் வரும், உள்ளார ஈயம் பூசி. ஈயம் பூசறதுக்குன்னே ஒரு ஆளு, பேரு என்னமோ... இரு, சொல்றேன். அவன் தம்பி ரயில்வேயில இருந்தான்..."

சபாபதி கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு.

செல்லையா ரயில்வேக்குப் போனாரு, அங்கேருந்து மாயவரம் ஜங்ஷன் காபிக்குப் போனாரு, காபியில இருந்து அவங்க வீட்டுப் பசுமாட்டுக்கு வந்தாரு. நடுநடுவுல "எங்கம்மா, பானை இன்னும் வரலயே?"ன்னு கேட்டாரு. கேட்டதும் இன்னும் தள்ளிப் போச்சு. மேனேஜர் கைக்கெடிகாரத்தைப் பார்த்தாரு. வேலை குடுக்க வந்தவரைப் பார்த்து வாயை மூடுங்கன்னு மதியால சொல்ல முடியுமா? அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. என்னைப் பேசாதேன்னு சொல்ற பார்வை எனக்கு அத்துப்படி. இது அது இல்ல. பேசுங்கன்னு சொல்ற பார்வை.

"ஐயா, அண்டா விப்பீங்களா?"ன்னு கேட்டேன்.

"என்னக்கா அப்படிக் கேட்டுட்டீங்க? அண்டாதான் எங்க..."

"என் கல்யாணத்துல பாயச அண்டா காணாமப் போச்சு."

அவரு வாயை மூடினாரு. பாத்திரக்காரருக்கு இதைவிட வேற என்ன வேணும்?

முறத்துல இருந்ததையெல்லாம் எடுத்தேன். அந்தோணி பிரிச்சதையெல்லாம் திரும்ப ஒண்ணுக்குள்ள ஒண்ணா வச்சேன். முதல் நாள் ராத்திரி தேய்ச்சுக் கவுத்து வச்ச வெண்கல அண்டா, விடிஞ்சு பார்த்தா இல்ல. கூடவே என் பெரியப்பா மகன் நாகலிங்கம் அண்ணனையும் காணோம். கொட்டாயில படுத்தா கொசு கடிக்குதுன்னு அண்டாவை நிமிர்த்தி அதுக்குள்ள படுத்திருந்தவரு. எல்லாரும் அண்டாவைத்தான் தேடினாங்க.

"உம்"னாரு செல்லையா.

அதுதான் சிக்கல். உம் கொட்டினாலும் சபாபதி கணக்குல அது பேச்சுதான். நான் கதையை இறுக்கினேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, பாயசம் இல்லாத பந்தியில உட்கார மாட்டோம்னு எழுந்துட்டாங்க. எங்கப்பா மேல்துண்டைக் கையில எடுத்துட்டாரு. கிணத்துல ஆள் இறங்கியாச்சு. மணவறையில நான் தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருக்கேன், கிறீச்சுன்னு அந்தச் செருப்பு மாட்டுற சத்தம் கேட்குது. செல்லையா உம் கொட்ட மறந்துட்டாரு. மேனேஜர் லேப்டாப்புக்குள்ள முன்னாடி சாய்ஞ்சுட்டாரு.

"அப்போ தர்மராஜன் கரண்டியை ஓங்கித் தரையில அடிச்சுக் கத்தினாரு: 'எங்கேருந்தாவது அந்த அண்டாவைக் கொண்டு வாங்கடா!'"

அத்தோட நிறுத்திட்டேன்.

அடுத்த வார்த்தை நாக்கு நுனியில நிக்குது. உள்ளுக்குள்ள அரிக்குது. சேலை முந்தானையை எடுத்து வாயில அடைச்சுக்கிட்டேன். செல்லையா அப்புறம் என்னன்னு கேட்கக்கூட மூச்சு விடல. ஃபேன் சுத்துற சத்தம் மட்டும். ஒரு அப்பளம் எண்ணெயில விழுந்து, உப்பி, திருப்பிப் போட்டு, எடுக்கிற நேரம்.

சபாபதி கட்டியிருந்த கையை அவிழ்த்தாரு. செருப்பை மாட்டிக்கிட்டு வெளியில போனாரு.

லிஃப்ட்ல நுழையாததால படி வழியாத்தான் தூக்கிக்கிட்டு வந்தாரு. வெண்கல அண்டா, ரெண்டு பக்கமும் வளையம். ஹாலுக்கு நடுவுல இறக்கி வச்சுட்டு, ஃபிரிட்ஜ் பக்கத்துல போய்க் கையைக் கட்டிக்கிட்டாரு. செல்லையா எழுந்து வந்து விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டிக் காதை வச்சுக் கேட்டாரு.

"நான் எழுதினது இட்லிப் பானை."

மதி உதட்டைக் கடிச்சா.

"இட்லிப் பானை வாங்க வந்தவனுக்கு அண்டாவைக் காட்டுறதுதாம்மா வியாபாரம். இதைத்தான் எங்க கடைப் பையனுங்களுக்கு வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டிருக்கேன், ஒருத்தனுக்கும் ஏறல." லேப்டாப்பைப் பார்த்துச் சொன்னாரு, "இந்தப் பொண்ணே பண்ணட்டும். வேற யாரும் கையை வைக்காதீங்க."

மேனேஜர் சரிங்க சார்னாரு. மதி வந்து என் தோள்ல முகத்தை வச்சுக்கிட்டா. புனே போச்சு.

தட்டின சத்தத்துல அண்டாவுக்குள்ள நாகலிங்கம் அண்ணன் முழிச்சுக்கிட்டாரு. பூசின சந்தனம் நெத்தியில காயாம இருந்துச்சு. விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பார்த்தாரு.

"பந்தி ஆயிடுச்சா, பாப்பா?"

"இல்லண்ணே. பாயசத்துக்காக நிக்குது. நீ எழுந்து வெளிய வா, அண்டா வேணும்."

அவரு இறங்கிச் சோம்பல் முறிச்சாரு. மதி ஜவ்வரிசி எங்க இருக்குன்னு தேடப் போனா. செல்லையா தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து, இலை போடுற இடத்தைக் கையால தண்ணி தெளிச்சுத் துடைச்சாரு. கீழே ஆளுங்க லிஃப்டை விட்டுட்டுக் கூட்டமாப் படியேறி வர்ற சத்தம் கேட்டுச்சு. எல்லாருக்கும் முன்னாடி, கிறீச், கிறீச்.

நான் புடவை மாத்திக்கிட்டு வர உள்ளே போனேன்.